இழுத்துவிடும், நிறுத்திவிடுமா? – வாசகர் கேள்வி பதில்

கேரவன் இழுப்பதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கேரவனை விட்டுவிட்டுப் படகைப் பிடித்துக்கொண்டன. பெரும்பாலானவை ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. வீட்டு வாசலில் நிற்கும் காரைக்கொண்டே படகையும் இழுத்துச் சென்றுவிடலாம் என்ற எண்ணம் அங்கே குடியேறிய நம்மவர்களுக்கு வந்திருப்பது இயல்புதான். அக்கம்பக்கத்தில் நான்கு வீட்டுக்கு ஒரு வீட்டில் படகு நின்றால் யாருக்குத்தான் ஆசை வராது! எனவே இந்த இதழ் முழுவதும் படகுக்கே.

கேள்வி: ஐயா, வணக்கம். எங்களிடம் 2017ஆம் ஆண்டு டொயோட்டா க்ளூகர் இருக்கிறது. பிரேக் உள்ள டிரெய்லராக இருந்தால் 2,000 கிலோ வரை இழுக்கலாம் என்று கையேடு சொல்கிறது. பழைய 5.8 மீட்டர் ஃபைபர் படகு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. "எடை 1,050 கிலோதான், கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள்" என்கிறார் விற்பவர். கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஆறு பேரும் பெயின்ஸ்வில் வரை கொண்டுபோக ஆசைப்படுகிறோம். வாங்கலாமா?
– க. ச., டாண்டினாங், மெல்போர்ன்

பதில்: கண்ணைத் திறந்துகொண்டு ஒரு தாளையும் பேனாவையும் எடுத்து வையுங்கள். விற்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் சொன்னது தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோது இருந்த வெற்றுப் படகின் எடை. எஞ்சின் இல்லாத, எரிபொருள் இல்லாத, டிரெய்லர் இல்லாத அந்தப் படகை யாரும் சாலையில் இழுத்துச் செல்வதில்லை.

கூட்டிப் பார்ப்போம். வெற்றுப் படகு 1,050. அந்த அளவுப் படகில் வழக்கமாக இருக்கும் 150 குதிரைத்திறன் ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சின் சுமார் 220 கிலோ. பெட்ரோல் லிட்டருக்கு முக்கால் கிலோ என்பதால் 150 லிட்டர் தொட்டி நிரம்பினால் 112 கிலோ. இரண்டு பேட்டரிகள் 45. நங்கூரம், சங்கிலி, கயிறு எல்லாம் சேர்ந்து 25. உயிர்காப்பு அங்கிகள், தூண்டில்கள், பாத்திரம் பண்டம் 50. ஐஸும் குளிர்பானமும் அடைத்த பெட்டி 40. இதுவரை 1,542 கிலோ. இந்தப் படகைத் தாங்கும் இரட்டை அச்சு டிரெய்லர் 550 கிலோவுக்குக் குறையாது. மொத்தம் 2,092. சொல்லப்பட்ட எடை ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிட்டது. உங்கள் காரின் வரம்பையும் தாண்டிவிட்டது. இது என் மதிப்பீடு மட்டுமே. பழைய ஃபைபர் படகுகளில் தளப் பலகைக்கு அடியில் நீர் ஊறிய நுரையும் மரமும் மறைந்திருந்தால், அந்த எடை எந்தத் தாளிலும் எழுதப்பட்டிருக்காது. உண்மை தெரிய வேண்டுமானால் முன்பணம் கொடுப்பதற்கு முன் எடை மேடையில் ஏற்றிப் பார்க்க வேண்டும். அதற்கு விற்பவர் முகம் சுளித்தால் வேறு படகைப் பாருங்கள்.

டிரெய்லரின் முன்சட்டத்தில் அடித்திருக்கும் தகட்டில் இரண்டு எண்களைக் காண்பீர்கள். ஒன்று ஏடிஎம், பணம் எடுக்கும் இயந்திரமில்லை, காரிலிருந்து கழற்றி நிறுத்திய நிலையில் டிரெய்லரும் அதன் சுமையும் சேர்ந்து இருக்கக்கூடிய உச்ச எடை. மற்றது ஜிடிஎம், காரில் மாட்டிய பிறகு டிரெய்லரின் சக்கரங்கள் மீது மட்டும் இறங்கும் எடைக்கான உச்சம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, டிரெய்லரை மாட்டும் காரின் பின்புறக் குமிழ் தாங்கிக்கொள்ளும் சுமை. காரின் 2,000 கிலோ வரம்பை ஏடிஎம்மோடு ஒப்பிட வேண்டும். பிரேக் விதிகள் ஜிடிஎம்மைப் பொறுத்தவை: ஆஸ்திரேலியாவில் ஜிடிஎம் 750 கிலோ வரை டிரெய்லருக்குப் பிரேக் தேவையில்லை, அதற்கு மேல் 2,000 வரை குறைந்தது ஓர் அச்சின் சக்கரங்களிலாவது பிரேக் வேண்டும், 2,000ஐத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக், அது ஓட்டுநர் இருக்கையிலிருந்தே இயங்க வேண்டும், டிரெய்லர் கழன்று ஓடினால் தானாகப் பிடித்துக்கொள்ளும் ஏற்பாடும் வேண்டும்.

உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தந்த சொல் "ஆறு பேரும்" என்பதுதான். குமிழ் மீது இறங்கும் 170, 180 கிலோ காரின் சுமையாகவே கணக்கிடப்படும். ஆறு பேர் சராசரி 70 கிலோ என்றால் 420; பெட்டி படுக்கை 80; குமிழைத் தாங்கும் இரும்புச் சட்டமான டோ பார் 30; குமிழ்ச் சுமை 175. ஆக 705 கிலோ. ஏழு இருக்கை எஸ்யூவிகள் பெரும்பாலானவற்றில் ஏற்ற அனுமதிக்கப்படும் சுமை 600, 700 கிலோவை ஒட்டித்தான் இருக்கிறது. படகு வரம்புக்குள் இருந்தாலும் கார் வரம்பை மீறிவிடும் நிலை இது. கார், டிரெய்லர் இரண்டும் சேர்ந்த மொத்த எடைக்கும் ஜிசிஎம் என்று தனியாக ஓர் உச்சம் உண்டு. இத்தனை வரம்புகளில் எது முதலில் முட்டுகிறதோ அதுவே உங்கள் வரம்பு. விளம்பரத்தில் பெரிதாக அச்சிட்ட எண் அன்று.

எஞ்சின் இழுக்குமா என்று கேட்டால், இழுக்கும். இன்றைய எஞ்சின்களுக்கு அது பெரிய காரியமில்லை. பிரின்சஸ் நெடுஞ்சாலையில் நாலரை டன் எடையோடு 100 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது முன்னால் போகும் வண்டி சட்டென்று நின்றால் என்னவாகும் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. வேகம் 80இலிருந்து 100 ஆனால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் ஒன்றரை மடங்குக்கும் மேலாகிறது. இதில் டிரெய்லரின் பங்கை டிரெய்லர் பிரேக்தான் ஏற்க வேண்டும். ஆனால் பத்து ஆண்டுகள் உப்புநீரில் முங்கி எழுந்த டிரெய்லரின் பிரேக், வெளிப் பார்வைக்கு முழுமையாக இருந்துகொண்டே உள்ளே துருப்பிடித்து இறுகிப்போயிருக்கும்.

இந்தப் படகு வேண்டாம் என்பதே என் முடிவு. 5 மீட்டர் அலுமினியப் படகு, 75 அல்லது 90 குதிரைத்திறன் எஞ்சின், டிரெய்லர், எரிபொருள் எல்லாம் சேர்ந்து 1,200, 1,300 கிலோவுக்குள் அடங்கும். அதை உங்கள் கார் அலட்டிக்கொள்ளாமல் இழுக்கும். ஆறு பேரும் ஒரே காரில் போகாமல் இருவர் வேறு காரில் வந்தால் இன்னும் நல்லது.

கேள்வி: சிட்னியிலிருந்து இல்லவாரா ஏரிக்குப் படகோடு போனேன். மவுண்ட் ஊஸ்லி இறக்கத்தில் பின்னால் படகு இடமும் வலமும் ஆடத் தொடங்கியது. ஸ்டியரிங்கே கையை விட்டுப் போவதுபோல் இருந்தது. பிரேக்கை மிதித்ததும் ஆட்டம் இன்னும் கூடியது. எப்படியோ தப்பித்தேன். மொத்த எடை 1,400 கிலோதான், வரம்புக்குள்தான் இருக்கிறது. பிறகு ஏன் ஆடியது?
– ப. மு., வெஸ்ட்மீட்

பதில்: எடை எவ்வளவு என்பதில் உங்களிடம் தவறில்லை, அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதில்தான் தவறு இருக்க வேண்டும். படகின் மிகக் கனமான பொருளான எஞ்சின், வால் முனையில் தொங்குகிறது. எரிபொருள் தொட்டியும் பேட்டரியும் பெரும்பாலும் பின்பாதியிலேயே இருக்கும். போதாததற்கு, முன்புறம் வைத்திருந்த ஐஸ் பெட்டியை வசதிக்காகப் பின்னால் நகர்த்தியிருப்போம். எடையின் மையம் டிரெய்லரின் அச்சுக்குப் பின்னால் நகர நகரக் குமிழ்ச் சுமை குறைகிறது. வால் கனத்த டிரெய்லர் காரின் பின்புறத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஊசல்போல் ஆடுகிறது. கார், டிரெய்லர் சேர்ந்த ஒவ்வொரு இணைக்கும் ஒரு வேகம் உண்டு. அதற்குக் கீழே இருக்கும்வரை காற்றாலோ பள்ளத்தாலோ வரும் ஆட்டம் தானே அடங்கிவிடும். அதைத் தாண்டினால் அடங்காமல் ஒவ்வோர் ஊசலிலும் வளரும். இறக்கத்தில் அந்த வேகத்தை உங்களை அறியாமலேயே தாண்டியிருக்கிறீர்கள்.

குமிழ்ச் சுமை, மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கை ஒட்டி இருப்பது ஆஸ்திரேலியாவில் பொதுவான வழிகாட்டல். படகு டிரெய்லர்களில் அது சற்றுக் குறைவாக அமைவதுண்டு. டிரெய்லரைச் செய்தவரும் காரைச் செய்தவரும் சொல்லும் எண்களுக்கு இடையே அது நிற்க வேண்டும். உங்கள் 1,400 கிலோவுக்கு 140 என்று வைத்துக்கொண்டால், வீட்டில் உடல் எடை பார்க்கும் கருவியே போதும். ஆனால் அதன் மீது நேரடியாக இறக்கினால் உடைந்துவிடும். வலுவான பலகை ஒன்றை எடுத்து, ஒரு முனையைச் செங்கல் மீதும் மறுமுனையைக் கருவி மீதும் வையுங்கள். முதலில் பலகை மட்டும் காட்டும் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, செங்கல்லிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் ஒரு கட்டையை நிறுத்தி, அதன் மேல் டிரெய்லரின் கப்ளிங்கை, அதாவது குமிழில் மாட்டும் முனையை, இறக்குங்கள். கருவி காட்டுவதிலிருந்து பலகையின் எடையைக் கழித்து மூன்றால் பெருக்கினால் குமிழ்ச் சுமை கிடைத்துவிடும். டிரெய்லர் சமதளத்தில், காரில் மாட்டியிருக்கும்போது உள்ள உயரத்திலேயே இருக்க வேண்டும். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்திருக்க வேண்டும். பெருக்கி வந்தது 60, 70 கிலோ என்றால் ஆட்டத்தின் காரணம் உங்கள் கையில் இருக்கிறது. ஐஸ் பெட்டியையும் நங்கூரத்தையும் முன்னால் நகர்த்துங்கள். போதவில்லையானால், படகை டிரெய்லர் மேல் இழுக்கும் வின்ச் நிற்கும் தூணைத் தளர்த்தி முன்னால் தள்ளிப் படகையே சில அங்குலம் முன்னுக்கு இழுக்கலாம். படகின் பின்பலகைக்கு அடியில் டிரெய்லரின் தாங்கல் முழுமையாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு செய்ய வேண்டும். படகின் அடியில் தேங்கிய மழைநீரையும் மறக்க வேண்டாம். படகு பின்பக்கம் சாய்ந்து நின்றால் அத்தனை நீரும் எஞ்சினுக்கு அருகே போய்ச் சேரும்.

ஆட்டம் தொடங்கிவிட்டால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆட்டத்துக்கு எதிராகத் திருப்பித் திருப்பி வெட்டாதீர்கள். டிரெய்லருக்கு மின் பிரேக் இருந்து அதைக் கையால் இயக்கும் வசதியும் இருந்தால், அதை மட்டும் மெதுவாக அழுத்துங்கள். பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் டிரெய்லர் நேராகிவிடும். கார் பிரேக்கை ஓங்கி மிதித்தால் பின்னால் வருவது இன்னும் தள்ளும். அதைத்தான் நீங்கள் அனுபவித்தீர்கள். மவுண்ட் ஊஸ்லி போன்ற இறக்கங்களில் மேலேயே வேகத்தைக் குறைத்து, கீழ் கியருக்கு மாற்றிக்கொண்டு இறங்க வேண்டும். இறங்கத் தொடங்கிய பிறகு பிரேக்கை நம்பினால் பாதி வழியில் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும்.

கேள்வி: ஹேஸ்டிங்ஸ் படகுத் துறையின் சரிவில் படகை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு மேலே வரும்போது எங்கள் கார் நகரவே இல்லை. முன்சக்கரங்கள் வழுக்கிச் சுழன்றன. ரப்பர் கருகும் வாடை வந்தது. காலையில் இறக்கும்போது ஒரு சிக்கலும் இல்லை. முன்சக்கர இழுவைக் கார் என்பதால்தான் இப்படியா?
– ஒரு வாசகி, பெர்விக்

பதில்: பாதிக் காரணம் அது, மீதிப் பாதி கடல். ஹேஸ்டிங்ஸ் இருக்கும் வெஸ்டர்ன் போர்ட்டில் நீர் ஏறி இறங்கும் உயரம், பக்கத்திலேயே இருக்கும் போர்ட் பிலிப் விரிகுடாவைவிட மிக அதிகம். பின்னதில் ஒரு மீட்டருக்குள் முடிந்துவிடுவது முன்னதில் இரண்டு மீட்டரையும் தாண்டும். காலையில் நீர் ஏறியிருந்தபோது உங்கள் சக்கரங்கள் நின்றது, வெயிலில் காய்ந்த சொரசொரப்பான கான்கிரீட்டில். நீர் வற்றிய பிறகு அதே சரிவில் பல மீட்டர் கீழே இறங்க வேண்டியிருந்திருக்கும். அங்கே கான்கிரீட்டின் மேல் பச்சைப் பாசி, எண்ணெய் தடவிய கல்போல இருக்கும்.

முன்சக்கர இழுவையின் சிக்கல் எளிமையானது. சரிவில் மேல்நோக்கி நிற்கும் காரின் எடை இயல்பாகவே பின்சக்கரங்களுக்குப் போகிறது. பின்னால் குமிழ் மீது படகின் சுமையும் அழுத்த, தராசுபோல் முன்பக்கம் லேசாகிறது. இழுக்க வேண்டிய சக்கரங்களுக்கே பிடிப்பில்லை. சமதளச் சாலையில் 1,500 கிலோவை இனிதாக இழுத்த கார் இங்கே 1,000 கிலோவுக்கே திணறுவது அதனால்தான். கார் வாங்கும்போது "எவ்வளவு இழுக்கும்" என்று கேட்பவர்கள், "ஈரச் சரிவில் எவ்வளவு இழுக்கும்" என்று கேட்பதில்லை.

நீர் ஏறும் நேரத்துக்குத் திரும்புவதுபோல் பயணத்தை அமைத்துக்கொள்வதே முதல் மருந்து. கையில் ஓத அட்டவணை இருந்தால் போதும். படகு முழுமையாக டிரெய்லரில் ஏறியதும் ஆட்களை இறங்கச் சொல்லுங்கள். ஆக்சிலரேட்டரை இறகுபோல் தொடுங்கள். சக்கரம் சுழலத் தொடங்கினால் அழுத்திப் பயனில்லை, பாசியை மெருகேற்றத்தான் செய்யும். அதன் பிறகும் நகரவில்லையென்றால் வெட்கப்படாமல் மேலே நிற்கும் நான்கு சக்கர இழுவை வண்டிக்காரரிடம் கயிறு கேளுங்கள். அங்கே அது அன்றாட உதவி.

கார் நீருக்குள் சறுக்கினால் உடனே வெளியேற வசதியாக, ஜன்னல்களைத் திறந்து, சீட் பெல்ட்டைக் கழற்றிவிட்டுத்தான் சரிவில் கார் ஓட்ட வேண்டும். பிள்ளைகள் காருக்குள் இருக்கவே கூடாது. நிறுத்தும்போது, காலால் பிரேக்கை மிதித்துக்கொண்டே கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, கைப் பிரேக்கைப் போட்டு, மெதுவாகக் காலை எடுத்து, சுமை முழுவதும் கைப் பிரேக்கில் உட்கார்ந்த பிறகே பார்க்கிங் நிலைக்கு மாற்ற வேண்டும். நேராகப் பார்க்கிங்கில் போட்டுவிட்டு இறங்கினால், இரண்டு டன் எடையும் கியர்பெட்டிக்குள் விரலளவு உள்ள ஓர் இரும்பு நாக்கில் தொங்கும். நான் மெல்போர்னில் இருந்த முதல் கோடையில் இப்படித்தான் செய்தேன். மறுபடி கியரை எடுத்தபோது எழுந்த "டமார்" சத்தத்தில் துறையே திரும்பிப் பார்த்தது. உடைந்தது ஒன்றுமில்லை, மானம் மட்டும்தான். அன்றிலிருந்து கயிறு கட்டிய மரக்கட்டை ஒன்றைப் பின்சக்கரத்துக்கு அடியில் வைக்காமல் நான் சரிவில் இறங்கியதில்லை.

நீரில் இறக்குவதற்கு முன் டிரெய்லரின் விளக்குச் செருகியைக் கழற்றிவிடுங்கள். நெடுந்தூரம் ஓடி வந்திருந்தால் சக்கர மையத்தைத் தொட்டுப் பார்த்து, சூடு ஆறும்வரை பொறுங்கள்; சூடான பேரிங் குளிர்ந்த நீருக்குள் முங்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி உப்புநீரை உறிஞ்சிக்கொள்ளும். கடைசியாக, படகின் பின்பலகையில் இருக்கும் வடிகால் துளையை அடைத்தீர்களா என்று பாருங்கள். முப்பது ஆண்டு அனுபவசாலிகளும் மறப்பது அதைத்தான்.

கேள்வி: என் ஆர்ஏவி4 ஹைப்ரிட் 480 கிலோதான் இழுக்குமாம், நண்பரின் ஆர்ஏவி4 ஹைப்ரிட் 1,500 கிலோ இழுக்குமாம். எஞ்சின் ஒன்று, உருவம் ஒன்று. பெரிய டோ பார் மாட்டினால் எனக்கும் 1,500 வந்துவிடுமா?
– இ. ரா., பிரிஸ்பேன்

பதில்: வராது. உங்களுடையது இருசக்கர இழுவை, நண்பருடையது நான்கு சக்கர இழுவை. ஆஸ்திரேலியாவில் விற்ற அந்தத் தலைமுறைக்கு நிறுவனம் விதித்த எண்கள் நீங்கள் சொன்னவையேதான். இழுவை வரம்பு என்பது எஞ்சின் வலிமையின் அளவு மட்டுமன்று. வெப்பத்தைத் தணிக்கும் திறன், ஏற்றத்தில் நின்று கிளம்பும் பிடிப்பு, பின்புற ஸ்பிரிங்குகள், டோ பார் பொருத்தப்படும் இடத்தின் உறுதி எல்லாவற்றையும் பார்த்து உற்பத்தியாளர் கையெழுத்திடும் எண் அது. டோ பாரின் தகட்டில் 2,000 என்று பொறித்திருந்தாலும் காரின் 480 அப்படியே நிற்கும். அதற்கு மேல் இழுத்து விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் பார்ப்பதும் அந்த எண்ணைத்தான். உங்கள் காருக்குச் சிறிய அலுமினியத் தோணியும் இலேசான டிரெய்லரும் பொருந்தும்.

கேள்வி: நான் 2005இல் கார் உரிமம் எடுத்தேன். டிரெய்லர் இழுக்கத் தனித் தேர்வு எழுத வேண்டும் என்று உறவினர் சொல்கிறார். உண்மையா?
– ஒரு வாசகர், ஹாரோ, லண்டன்

பதில்: உங்கள் உறவினர் சொல்வது பழைய சட்டம். 1997 ஜனவரி 1 முதல் தேர்ச்சி பெற்றவர்களுக்கு அப்படி ஒரு தேர்வு இருந்தது. இங்கிலாந்தில் 2021 டிசம்பர் 16 முதல் அது தேவையில்லை. அனுமதிக்கப்பட்ட உச்ச எடை 3,500 கிலோ வரை உள்ள டிரெய்லரைச் சாதாரணக் கார் உரிமத்திலேயே இழுக்கலாம். காரின் வரம்பு அப்படியே இருக்கிறது, அதை மறக்க வேண்டாம். இரட்டைச் சாலையிலும் மோட்டார்வேயிலும் 60 மைல், ஒற்றைச் சாலையில் 50 மைல்தான் உச்ச வேகம். மூன்று தடம் உள்ள மோட்டார்வேயில் வலக்கோடித் தடத்துக்குப் போகக் கூடாது. பிரேக் இல்லாத டிரெய்லர் 750 கிலோவையோ உங்கள் காரின் எடையில் பாதியையோ, எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது.

கேள்வி: எங்களிடம் சியன்னா மினிவேன் இருக்கிறது. 3,500 பவுண்டு இழுக்கும் என்கிறார்கள். சிம்கோ ஏரிக்கு வார இறுதிகளில் படகு கொண்டுபோகலாமா? ஏரிதானே, உப்பில்லையே என்று நினைக்கிறோம்.
– ஜெ. ந., மார்க்கம், டொராண்டோ

பதில்: 3,500 பவுண்டு என்பது ஏறத்தாழ 1,590 கிலோ. முதல் கடிதத்துக்குப் போட்ட கணக்கை உங்கள் படகுக்கும் போட்டுப் பாருங்கள். 1,200 கிலோவுக்குள் நின்றால் கொண்டுபோங்கள். டொராண்டோத் தமிழ்க் குடும்பங்களில் சியன்னா என்றால் ஏழு இருக்கையும் நிரம்பியிருக்கும், பின்னால் பிரியாணிச் சட்டியும் இருக்கும் என்பது எனக்குத் தெரியும். அத்தனையும் வேனின் கணக்கில் வரும் என்பதால் வேனுக்குள் நான்கு பேருக்கு மேல் வேண்டாம். ஒன்டாரியோவில் டிரெய்லரின் மொத்த எடை 1,360 கிலோவை எட்டினால் அதற்குப் பிரேக் கட்டாயம். அதற்குக் கீழே இருந்தாலும் 700, 800 கிலோவுக்கு மேல் பிரேக் இல்லாமல் இழுப்பதை நான் ஏற்கமாட்டேன்.

உப்பில்லை என்பது உண்மைதான். ஆனால் உங்களுக்கு உறைபனி இருக்கிறது. கோடை முழுவதும் நீரில் முங்கிய பேரிங்கில் ஊறிய ஈரம் குளிர்காலம் முழுவதும் அங்கேயே இருந்து துருவேற்றும். வசந்தத்தில் முதல் பயணத்தில் நெடுஞ்சாலை 400இல் சக்கரம் இறுகி நிற்கும். கிரீஸ் மாற்றும் வேலையை இலையுதிர்காலத்திலேயே முடித்துவிடுங்கள்.

கேள்வி: கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் அருகே டிராக்டரால் ஃபைபர் படகை இழுத்துக் கரையேற்றுகிறார்கள். என் இன்னோவாவால் அதைச் செய்ய முடியாதா?
– ஒரு வாசகர், சென்னை

பதில்: டிராக்டர் செய்வது வேறு வேலை. அது நடைவேகத்தில், பெரிய பின்சக்கரங்களோடு, மணலில் நூறடி தூரம் இழுக்கிறது. அதன் கியரும் எடையும் அதற்காகவே அமைந்தவை. மணலில் உங்கள் கார் முதல் பத்தடியிலேயே அச்சுவரை புதைந்துவிடும். காருக்கு முன்னும் பின்னும் திருகிப் பொருத்தும் கொக்கியில் கயிறு கட்டி இழுக்கலாம் என்று தோன்றலாம். அது பழுதான காரை மீட்பதற்கு மட்டுமே. பாரத்தோடு சட்டென்று இழுத்தால் பிய்ந்து தோட்டாபோல் பறக்கும். சாலையில் இழுப்பதாக இருந்தால், நம் மோட்டார் வாகனச் சட்டத்தில் டிரெய்லரும் தனி வாகனமே. அதற்கும் பதிவு வேண்டும். வீட்டருகே பட்டறையில் பற்றவைத்த சட்டத்தில் இரண்டு சக்கரம் மாட்டிக்கொண்டு கிளம்புவதற்கில்லை.

கேள்வி: பின்னோக்கி ஓட்டும்போது நான் ஒரு பக்கம் திருப்பினால் டிரெய்லர் மறுபக்கம் போகிறது. துறையில் எல்லோரும் பார்க்கிறார்கள். இதற்கு வழி உண்டா?
– சு. தே., கிளென் வேவர்லி

பதில்: உண்டு. ஸ்டியரிங்கை மேலே பிடிக்காமல், கடிகாரத்தில் ஆறு மணி இருக்கும் இடத்தில், அதாவது அடிப்பகுதியில் ஒரு கையால் பிடியுங்கள். டிரெய்லரின் பின்புறம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள். அது அந்தப் பக்கமே போகும். மூளை தலைகீழாக யோசிக்க வேண்டிய தேவை இருக்காது. சிறிது சிறிதாகத் திருப்புங்கள். குட்டை டிரெய்லர் நெட்டையானதைவிடச் சட்டென்று மடங்கிக்கொள்ளும். மடங்கத் தொடங்கினால் சமாளிக்கப் பார்க்காமல் முன்னால் ஒரு கார் நீளம் போய் நேராக்கிக்கொண்டு மறுபடி வாருங்கள். ஞாயிறு காலையில் காலியாகக் கிடக்கும் வாகன நிறுத்துமிடத்தில், கோடு போட்ட கட்டங்களுக்குள் இரண்டு மணி நேரம் பழகுங்கள். வீட்டிலிருந்து ஒருவரை உதவிக்கு நிறுத்தினால், அவர் கத்த வேண்டியதில்லை. உங்கள் பக்கக் கண்ணாடியில் தெரியும்படி நின்று கையைக் காட்டினால் போதும். கண்ணாடியில் அவர் முகம் மறைந்த அந்த நொடியே காரை நிறுத்திவிடுங்கள்.